நபீலா சோதித்த எடிட்டர்

வீட்டில் இருக்கும்வரை சிரிக்கும்; வாசலைத் தாண்டினால் முகம் காணாமல் போகும். அது என்ன?

யோசித்துப் பாருங்கள். தெரியவில்லை என்றால் வருத்தப்பட வேண்டாம். கடையநல்லூரில் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய்க்கொண்டிருந்த நபீலாவுக்கும், அந்த வியாழக்கிழமை மாலை நான்கு மணி வரை தெரியாது.

இணையம் அந்த ஊருக்கு வந்த புதிது. ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யில், இணையப் பக்கம் செய்து தரும் எடிட்டர் மென்பொருள் ஒன்று இருந்தது. பொன்னரசி மிஸ் அதை நபீலாவிடம் கொடுத்தார். "நம்ம சென்டருக்கு இது ஆகுமா ஆகாதான்னு நீயே பார்த்துச் சொல்லு" என்றார். மிஸ்ஸுக்கு வயது இருபத்து மூன்று. நபீலாவுக்குப் பன்னிரண்டு.

நபீலா தன் வாப்பாவுக்காக ஒரு பக்கம் செய்தாள். அவர் மஸ்கட்டில் வேலை பார்த்தார். பிறந்து ஐந்து மாதமான தம்பியை இன்னும் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை லீவில் பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பார்க்கிறேன் என்று போனில் சொல்லியிருந்தார்.

நான்கு நாள் வேலை. நடுவில் தம்பியின் படம். சுற்றிலும் முப்பத்தாறு ரோஜாக்கள். மேலே வாப்பாவின் பெயர் ஓடிக்கொண்டே இருக்கும். எல்லாம் மவுஸால் இழுத்து வைத்ததுதான். ஒரு வரிகூட அவள் எழுதவில்லை.

"மிஸ், இதையே வச்சுக்குவோம். நூத்துக்கு நூறு."

"அப்படியா? எல்லாத்தையும் ஃப்ளாப்பியில போடு."

மிஸ் ஃப்ளாப்பியை எடுத்துப்போய், வாசலோரம் இருந்த வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்தார்.

தம்பி இருந்த இடத்தில் வெறும் கட்டம். மூலையில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. ரோஜாக்களும் கட்டம் கட்டமாகக் கிடந்தன. வாப்பாவின் பெயர் மட்டும் மேலே ஓடிக்கொண்டிருந்தது.

"படமும் ஃப்ளாப்பியிலதான இருக்கு, மிஸ்!"

"இருக்கு."

"பெறவு?"

மிஸ் அதே பக்கத்தை, வெறும் எழுத்தை மட்டும் காட்டும் நோட்பேடில் திறந்தார். எடிட்டர் எழுதி வைத்திருந்த வரிகள் நீளமாக இறங்கின. ஒரு வரியில் விரலை வைத்தார். தம்பியின் படம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் வரி அது.

நபீலா எழுத்துக்கூட்டிப் படித்தாள். "இது நான் உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டரோட அட்ரஸ்ல்லா?"

"ஆமா. மஸ்கட்லயும் இதே அட்ரஸைத்தான் தேடும்."

"திருட்டு எடிட்டர்!"

"அதை ஏன்ட்டி வையுற? உனக்குக் காட்டச் சொன்ன, காட்டிச்சு."

நபீலா அந்த வரியில் அட்ரஸை அழித்து, படத்தின் பெயரை மட்டும் விட்டாள். ரோஜாக்களையும் சரிசெய்ய எடிட்டரைத் திறந்து, வேலை பார்த்துச் சேமித்தாள். பழைய அட்ரஸ் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. மறுபடி திருத்தினாள். மறுபடி வந்தது. மூன்றாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு திருத்தினாள். அப்போதும் வந்தது.

மணி நாலரை. ஐந்து மணிக்குப் போன் லைன் போட்டுப் பக்கத்தை இணையத்தில் ஏற்றியாக வேண்டும். மறுநாள் சென்டர் கிடையாது.

"உங்க வாப்பா அடுத்த வெள்ளி பார்க்கட்டுமே" என்றார் மிஸ்.

"முடியாது மிஸ். அடுத்த வாரம் தம்பி வேற மாதிரி ஆயிருவான்."

"அப்ப நோட்பேட்ல நீயே புதுசா எழுதணும். அரை மணி நேரத்துல இத்தனை ரோஜா வராது."

"எதுதான் மிஸ் நல்லது? எடிட்டரா, நோட்பேடா? ஒண்ணைச் சொல்லுங்க."

மிஸ் வாசலோரக் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஏட்டி, நான்தான் உங்க வாப்பா. மஸ்கட்ல உட்கார்ந்திருக்கேன். என்ன பார்க்க வந்திருக்கேன், சொல்லு."

நபீலா ரோஜாக்களை விட்டுவிட்டாள். நோட்பேடில் தம்பியின் படத்துக்கு மட்டும் ஆறு வரி எழுதினாள். ஐந்து மணிக்கு முன், வாசலோரக் கம்ப்யூட்டரிலும் தம்பி சிரித்தான்.