மரைக்காயரின் குரல்

வெள்ளைக்காரர் ஆண்ட நாளில், சென்னைச் சட்டசபையில் ஒரு தேக்கு நாற்காலி இருந்தது. பன்னிரண்டு வருஷமாக அதில் மீரா லெவ்வை மரைக்காயர் உட்கார்ந்து வந்தார். கடற்கரையோர முஸ்லிம்கள் தங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட தொகுதியில் ஓட்டுப் போட்டு அனுப்பிய மனிதர். அவருடைய குரலும் கூடவே ரயிலேறி வரும்.

குரலுக்கு வயதாகிவிட்டது. ஊருக்கு ஆஸ்பத்திரி கேட்டு, பள்ளிக்கூடம் கேட்டு, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டுத் தேய்ந்து போயிருந்தது. மரைக்காயரும் அப்படித்தான். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது.

அன்று அவருடைய ஊர்த் துறைமுகத்தை மூடும் மசோதா வந்தது. ரயில் வந்துவிட்டது, இனித் தோணி எதற்கு என்றது சர்க்கார். அவர் கட்சியும் அதற்கு ஆதரவு. "நீங்கள் பேசாமல் இருந்தால் போதும், அடுத்த மந்திரி நீங்கள்தான்" என்று கட்சித் தலைவர் அவர் காதில் போட்டு வைத்திருந்தார்.

நாற்காலி மெல்லச் சொன்னது: "சும்மா இருங்கள், மரைக்காயரே. எழுந்தால் நான் உங்களுக்கு இல்லை. எழுந்தாலும் மசோதா நிற்கப் போவதில்லை."

"தெரியும்," என்றார் அவர். "குரலே, நீ என்ன சொல்கிறாய்?"

"என்னால் ஆகவில்லை, முதலாளி. படுத்தால் போதும் என்றிருக்கிறது."

"எனக்கும்தான். ஒரே ஒரு வார்த்தை. வருவாயா?"

குரல் பெருமூச்சு விட்டது. "ஒன்று என்றால் வருகிறேன்."

மரைக்காயர் இரண்டு கைகளையும் ஊன்றி எழுந்தார். "வேண்டாம்!" என்றார். கடைசி எழுத்தில் குரல் கம்மிப் போனது.

மசோதா நிறைவேறியது. அடுத்த தேர்தலில் கட்சி வேறு ஆளை நிறுத்தி ஜெயித்தது. நாற்காலி புதியவரையும் அதே மரியாதையோடு ஏந்திக்கொண்டது.

மரைக்காயர் ஊரோடு வந்துவிட்டார். தோணிகள் கரையில் காய்ந்து கிடந்தன. ஒருநாள் காலையில் வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். வையத்தான் வந்திருக்கிறார்கள் என்று எண்ணியே கதவைத் திறந்தார்.

முன்னால் நின்றவர் தோணி ஓட்டும் சந்தியாகு.

"மொதலாளி, நாங்க மாதா கோயில் வேதக்காரங்க. ஒங்களுக்கு ஓட்டுப் போட எங்களுக்கு உரிமையே கெடையாது. ஆனா அம்புட்டுப் பேர் உக்காந்திருக்கையில நீங்க ஒத்த ஆளா எந்திரிச்சீங்களாமே! தொறமொகத்தத் தெறக்கச் சொல்லிக் கலெக்டர் ஆபீசுக்குப் போறோம். நீங்களும் வரணும்."

மரைக்காயர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார்.

"அதனால என்ன மொதலாளி?" என்றார் சந்தியாகு. "நீங்க கூட வந்து நில்லுங்க. நாங்க பேசுதோம்."