ஆவுடையம்மாள் அடித்த லாடம்

அறுபது வயதுக்கு மேல் சங்கரபாகத்துக்குப் பாய்மரப் படகு ஆசை வந்தது. ஆசைப்பட்டதோடு நிற்காமல் வாங்கியும் தொலைத்தார். ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள் பெர்னதெத் டீச்சர். அவரைவிட இருபது வயது சின்னவள்.

"திசை காட்டுத காம்பஸைச் சரிபாத்த பொறவுதான் உங்களைத் தனியா விடுவேன் அண்ணாச்சி" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

வீட்டில் வேறு கதை. தனியாகக் கடலுக்குப் போக வேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்த மனைவி ஆவுடையம்மாள், ஒரு வாரமாக அவரிடம் பேசவில்லை. சோறு மட்டும் நேரத்துக்கு வந்தது. மனுஷன் உள்ளுக்குள் நொந்து போயிருந்தார்.

அன்று காலை அவரும் டீச்சரும் படகைக் கடலுக்குக் கொண்டுபோனார்கள். டீச்சர் ஒவ்வொரு திசையாகப் படகைத் திருப்பச் சொல்லி, கலங்கரை விளக்கத்தை வைத்து முள்ளைச் சரிபார்த்தாள். வடக்கிலும் தெற்கிலும் குறையில்லை. கிழக்கே திரும்பினால் முள் ஒரு பக்கம் விலகியது, மேற்கே திரும்பினால் மறுபக்கம்.

"புதுப் படகுல்லா டீச்சர், எப்படித் தப்பாக் காட்டும்?"

"பக்கத்துல இரும்பு ஏதும் வச்சிருக்கியளா?"

"சத்தியமா இல்ல."

டீச்சர் காம்பஸுக்கு அடியில், பலகைக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். பிறகு டார்ச்சை அடித்துக் காட்டினாள். ஒரு குதிரை லாடம். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஆணியடித்து இறுக்கியிருந்தது.

"படகுக்குப் பூசை போட்ட அன்னைக்கு அவதான் கடைசியா இறங்குனா" என்றார் சங்கரபாகம். லாடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். அடுத்த நிமிஷமே கோபம் வந்துவிட்டது. "கண்ணு படக்கூடாதுன்னு அடிச்சிருக்கா கிறுக்கி! நான் திசை தெரியாமப் போயிருப்பேனே! ஆணி பிடுங்குத குறடு இருந்தா எடுங்க, பிடுங்கிக் கடல்ல எறியுதேன்."

டீச்சர் குறடு எதையும் எடுக்கவில்லை. பையிலிருந்து விரல் நீளக் காந்தம் ஒன்றை எடுத்து, லாடத்தின் இழுப்பை ஈடுகட்ட காம்பஸுக்கு அருகே வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினாள். கிழக்கே போய்ப் பார்த்தார்கள். மேற்கே போய்ப் பார்த்தார்கள். விலகல் வெகுவாகக் குறைந்தது. மிச்சத்தை ஓர் அட்டையில் குறித்து, காம்பஸ் பக்கத்தில் ஒட்டினாள்.

வெயில் ஏறிவிட்டது. சங்கரபாகத்துக்குப் பொறுக்கவில்லை.

"பிடுங்கியிருந்தா ஒரு நிமிஷத்து வேலை டீச்சர். எதுக்கு இத்தனை பாடு?"

"இதைப் பிடுங்குனா மதினி இன்னொண்ணு அடிப்பாவ. அது எங்க இருக்குன்னு நமக்குத் தெரியாது. இது எவ்வளவு இழுக்கும்னு இப்பத் தெரிஞ்சு போச்சுல்லா அண்ணாச்சி? இனி நீங்க தனியாப் போகலாம்."