உப்பளத்துக்குப் போன நாற்காலி

இதைப் பிசகாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. படித்தவர்கள் விஷயம். நான் ஆறாவதோடு நின்றவள். முதுமை ஆராய்ச்சி நிலையத்தில் நாற்காலி தூக்குவதும் தண்ணீர் கொடுப்பதும் என் வேலை. பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

அங்கே தலைமை லோகநாயகி அம்மா. அவரிடம் ஆராய்ச்சி பழக வந்தவர்கள் அருணகிரி சாரும் பவுலினும். பவுலின் உப்பளத் தொழிலாளி மகள்.

ஒருநாள் அருணகிரி சார் வந்து நின்றார்.

“மேடம், பவுலின் பொய்யா எழுதுறா. கை ஊன்றாம நாற்காலியிலேருந்து எழுந்திருக்கணும், அதுதான் சோதனை. உப்பளத்துல நான் பார்த்த வயசானவங்க பலருக்கு முடியல. அதே ஆளுங்க இவ போனா எழுந்திருக்காங்களாம். இவளை இனியும் வெச்சிருக்கலாமா?”

பவுலின் முகம் வாடிவிட்டது. “நான் பொய் எழுதல மேடம். இங்கேருந்து அனுப்பிட்டா வீட்ல என்னை அளத்துக்குத்தான் அனுப்புவாங்க.”

அம்மா எழுந்து என்னைக் கூப்பிட்டார். “வண்டியை எடுக்கச் சொல்லு” என்றார்.

உப்பளத்தில் அந்த வயசானவர்களில் ஒருவரான மாசிலாமணித் தாத்தாவைக் கூப்பிட்டார்கள். நாற்காலியைப் போட்டேன். சட்டையை உள்ளே விட்டு, அட்டையும் பேனாவுமாக அருணகிரி சார் எதிரில் நின்றார்.

“உட்காருங்க பெரியவரே.”

“இருக்கட்டும்யா.”

“உட்காருங்கன்னா!”

தாத்தா விளிம்பில் பட்டும் படாமலும் ஒட்டிக்கொண்டார். இரண்டு கைகளும் நாற்காலியின் பக்கங்களை அழுத்திப் பிடித்திருந்தன.

“கையை எடுத்துட்டு எழுந்திருங்க.”

கையை விட்டால் முழுசாக உட்கார வேண்டிவரும். தாத்தா விடவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.

“பார்த்தீங்களா மேடம்?” சார் அட்டையில் எழுதினார்.

“அருணகிரி, நீ தரையில உட்காரு.”

“இந்த உப்புலயா?”

“உப்புலதான்.”

சார் சம்மணம் போட்டார்.

“ஐயையோ, ஐயா! நீங்க கீழ உக்காரலாமா!” அவரைத் தூக்கிவிட இரண்டு கைகளையும் நீட்டியபடி தாத்தா விருட்டென்று எழுந்தார்.

பவுலின் சிரித்துவிட்டாள். “போன வாரம் காப்பி கேட்டு இதே நாற்காலியில சாஞ்சு கெடந்தீங்களே தாத்தா!”

“நீ நம்ம செல்லையா மவ. ஒன் முன்னால எனக்கென்ன!”

அருணகிரி சார் கீழிருந்தே கேட்டார். “மேடம், நான் சொன்னப்ப மட்டும் ஏன் எழுந்திருக்கல?”

“உன் முன்னால அவர் உட்காரவே இல்லையேப்பா. உட்காராதவர் எப்படி எழுந்திருப்பார்?”

சார் அட்டையில் எழுதியதை அடித்தார். பிறகு, “நாளைக்கு நீயும் வர்றியா பவுலின்?” என்றார்.

அம்மா என் பக்கம் திரும்பினார். “வெயில்ல நிக்கிறியே செண்பகம், நீ உட்காரேன்.”

சார் இன்னும் தரையில்தான் இருந்தார். நான் நாற்காலியைத் தூக்கி வண்டியில் ஏற்றிவிட்டேன்.