வைரவன் பூசிய பூச்சு

மலையடிவாரத்தில் தவமணியம்மாவின் ஆசிரமம் இருந்தது. அங்கே வைரவன் என்றொரு சீடர். அம்மாவைவிட அவர் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அதனால் குருவே சீடரை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார்.

மனைவி விசாலம் இறந்துபோன பிறகு, கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, சொந்த வேனோடு வந்து சேர்ந்தவர் வைரவன். மலையூர்களில் யாருக்கு முடியவில்லை என்றாலும் அவர் வேன்தான் ஆஸ்பத்திரிக்கு இறங்கும். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் வந்த நாளிலிருந்து அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. சிரித்தும் பார்த்ததில்லை.

ஒருநாள் மேலூரிலிருந்து ஒரு பிள்ளைத்தாய்ச்சியைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். கடவுள் புண்ணியத்தில் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்தப் பெண்ணின் தாய் பொன்னி, மடி நிறையக் கொய்யாப்பழத்தோடு வந்து நின்றாள்.

"எங்க மரத்துப் பழம் சாமி. ஒண்ணாவது எடுத்துக்கிடுங்க."

"வேண்டாம். அம்மாகிட்ட குடு."

"பழம் கடிக்குமா என்ன?"

வைரவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார். நேரே அம்மாவிடம் போனார்.

"அம்மா, மனசுமேல எதுவுமே படாம இருக்கணும். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

அம்மா முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"வேனுக்குப் பூசணும்னு டின்னு டின்னா ஏதோ வாங்கி வச்சிருக்கீங்களே, அதைப் பூசி முடிங்கண்ணே. அப்புறம் சொல்றேன்."

அது லாரித் தொட்டிக்குள் பூசுகிற கறுப்புப் பூச்சு. காய்ந்தால் ரப்பர் மாதிரி தடித்துச் சொரசொரவென்று நிற்கும். மலைப்பாதை முள்ளும் கல்லும் வேனின் பெயின்ட்டைப் பிறாண்டி எடுத்திருந்தன. மெக்கானிக் கேட்ட கூலிக்கு நாமே பூசிக்கொள்ளலாம் என்று வைரவன் இறங்கிவிட்டார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். கண்ணாடிக்கும் விளக்குக்கும் டேப் ஒட்டினார். பூச்சில் அதைக் கெட்டியாக்கும் மருந்தைக் கலந்து ரோலரால் இழுத்தார்.

கதவுக்கு அடியில் குனிந்து பார்த்தால் சின்னச் சின்ன ஓட்டைகள்.

"கம்பெனிக்காரன் வேலை செஞ்ச லட்சணத்தைப் பாரு!" என்று ஒவ்வொன்றையும் பூச்சால் அப்பி அடைத்தார்.

வேன் கருங்கல்லில் செதுக்கியதுபோல நின்றது.

"ஊசி முனை நுழையாது அம்மா."

"அப்படியா!" என்றார் அம்மா.

அந்த வாரம் நல்ல மழை. மழை விட்ட காலையில் மேலூரிலிருந்து ஆள் வந்தது. பொன்னியின் பேரப்பிள்ளைக்குக் காய்ச்சலாம். வைரவன் வேன் கதவை இழுத்தார். உள்ளே 'களுக்' என்று சத்தம். மறுபடி ஆட்டினார். குடத்துத் தண்ணீர்போலக் குலுங்கியது.

"மேல ஒரு சொட்டு நிக்கலை. உள்ள எப்படிம்மா போச்சு?"

"கண்ணாடி இறங்குற சந்து இருக்கே, அது வழியாத்தான்."

"அதையும் அடைச்சிடவா?"

"அடைச்சிட்டா கண்ணாடியை எப்படி இறக்குவீங்க? வழியில ஒருத்தர் கையைக் காட்டிக் கூப்பிட்டா எப்படிக் காது கேக்கும்?"

வைரவன் தலையைச் சொறிந்தார். "அப்ப, உள்ள போனதை என்ன பண்றது?"

அம்மா சமையற்கட்டுக்குப் போய்க் கோணி ஊசியை எடுத்து வந்தார். இடதுபக்கக் கதவடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஓட்டை இருந்த இடத்தைத் தடவிப் பார்த்துக் குத்தினார். துருவேறிய தண்ணீர் செம்மண் நிறத்தில் ஒழுகி அவர் பாதத்தை நனைத்தது. கொஞ்சத்தில் நிற்கும் என்று பார்த்தால், அது பாட்டுக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது.

அந்தக் கதவோரம்தான் விசாலம் உட்காருவாள். ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தொட்டு, ஊர் வந்து சேரும்வரை வாய் ஓயாமல் தின்றுகொண்டு வருவாள்.

வைரவன் தோள் துண்டை எடுத்து வாயில் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது.

அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.

எல்லாக் கதவும் வடிந்த பிறகு வைரவன் கேட்டார்.

"பூச்சையெல்லாம் சுரண்டி எடுத்துடவா அம்மா?"

"எதுக்கு? முள்ளுக்கு அது வேணும். அழகாத்தான் பூசியிருக்கீங்க."

வைரவன் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருகாமல் பக்கத்து சீட்டையே பார்த்தார்.

"விசாலத்துக்குக் கொய்யான்னா உசுரும்மா." இங்கே வந்த பிறகு அந்தப் பெயரை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. "முப்பது வருசம் அவளுக்கு வாங்கிக் குடுக்க எனக்குக் குடுத்து வச்சிருந்துச்சு."

அம்மா கோணி ஊசியை முந்தானையில் துடைத்தார். இடதுபக்கக் கதவை மெல்லச் சாத்தினார். சத்தமில்லை.

"போயிட்டு வாங்கண்ணே. பொன்னி இன்னைக்கும் பழம் குடுத்தா, ரெண்டா வாங்கிக்குங்க."