கடலோரத்துப் பல், மலையூர் எலும்பு

உங்கள் பல்லைப் பார்த்து யாராவது உங்கள் ஊரைச் சொன்னது உண்டா?

செங்கமலத்துக்குச் சொன்னார்கள். கல்யாணமாகிப் பவானிப் பக்கத்துக் கிராமத்தில் வந்து இறங்கிய அன்றைக்கே, ஆரத்தித் தட்டோடு நின்ற ஒருத்தி, "பொண்ணு தருமபுரிச் சீமையா? பல்லே சொல்லுதே" என்றாள். பென்னாகரம் பக்கத்துத் தண்ணீர் அப்படி. குழந்தையில் அதைக் குடித்து வளர்ந்தால் பல்லில் பழுப்புக் கோடு விழும். விழுந்த கோடு எந்தப் பற்பசைக்கும் போகாது. செங்கமலம் சிரித்தால் கை தானாக வாய்க்குப் போகும்.

இப்போது அவளுக்கு நாற்பத்தேழு வயது. கல்லூரி வேதியியல் லேபில் இருபது வருஷம் குடுவை கழுவியவள். கழுவிக்கொண்டே தபால் வழியில் ஒரு பட்டம் வாங்கினாள், பிறகு இன்னொன்று வாங்கினாள். மகளுக்குக் கல்யாணம் முடிந்த மறுமாதம் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தாள்.

சேர்ந்தது வைரமணியிடம். வைரமணிக்கு முப்பத்தாறு வயது. ஆகவே குரு சிஷ்யையை "அக்கா" என்பாள், சிஷ்யை குருவை "மேடம்" என்பாள். இரண்டு பேருக்கும் அதில் கூச்சமில்லை.

வைரமணியின் லேபுக்கு எங்கெங்கிருந்தோ பழைய பல்லும் பழைய எலும்பும் வரும். அதில் இருப்பதை அளந்து, செத்தவர் எந்த ஊரில் பிறந்தார், என்ன சாப்பிட்டார் என்று சொல்ல வேண்டும். செருப்பை வெளியே விட வேண்டும். தலையை மூட வேண்டும். பவுடர் கூடாது.

முதல் நாள் செங்கமலம் நெற்றி நிறையத் திருநீறோடு வந்து நின்றாள்.

"அழிச்சுட்டு வாங்கக்கா."

"சாமி கோவிச்சுக்காதுங்களா மேடம்?"

"திருநீறுல உங்க ஊர் மாட்டுச் சாணி இருக்கு. மாடு உங்க ஊர்ப் புல்லைத் தின்னுருக்கு. அதுல ஒரு துளி உள்ள விழுந்தாப் போதும், செத்தவங்க அத்தனை பேரும் பவானிக்காரங்க ஆயிருவாங்க."

செங்கமலம் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து திருநீறு கதவுக்கு வெளியே நின்றுகொண்டது.

ஆறாவது மாதம் ஒரு சின்னப் பெட்டி வந்தது. பெரு நாட்டிலிருந்து. அங்கே மலை உச்சிகளில் ஒரு காலத்தில் இன்கா ராஜாக்கள் ஆண்டார்கள். அந்தக் காலத்துப் பெண் ஒருத்தியின் கடைவாய்ப் பல் ஒன்று, விலா எலும்பில் சுண்டுவிரல் நகம் அளவு ஒரு துண்டு. ஐந்நூறு வருஷத்துக்கு மேல் பழசு.

கூடவே ஒரு கடிதம். ஃப்ளோரென்சியோ என்ற ஊர்த்தலைவர் எழுதியதை யாரோ மொழிபெயர்த்திருந்தார்கள்.

'எங்கள் ஊர் வாய்க்கால் தலைப்பில் தோண்டும்போது கிடைத்தவள். மண்ணை மூடி அங்கேயே வைத்திருப்போம். அதற்குள் அதிகாரிகள் வந்து மியூசியத்துக்கு எடுத்துப் போய்விட்டார்கள். நாற்பது வருஷமாகக் கேட்கிறோம். அடுத்த உருளைக்கிழங்கு நடவுக்குள் அவளை மண்ணில் வைக்க வேண்டும். அவள் எங்கள் தாய்.'

மியூசியம் அனுப்பிய படிவம் அவ்வளவு நீளமில்லை. உள்ளூர்ப் பெண் என்றால் ஊராரிடம் கொடுப்போம், வெளியூர்ப் பெண் என்றால் பெட்டியிலேயே இருப்பாள். கீழே ஒரு கட்டம். உள்ளூரா, வெளியூரா?

"இது உங்களுக்கு அக்கா" என்றாள் வைரமணி. "ரிப்போர்ட்டுல மொதக் கையெழுத்து உங்களுது. ரெண்டாவது என்னுது."

செங்கமலம் பல்லை எடுத்தாள். அவளுக்குப் பல்லைப் பற்றித் தெரியும். கடைவாய்ப் பல்லின் மேல்பூச்சு மூன்று, நான்கு வயசுக்குள் கட்டி முடிந்துவிடும். பாறையில் உள்ள ஸ்ட்ரான்சியம் என்ற உலோகம் தண்ணீருக்கு வந்து, தண்ணீரிலிருந்து பயிருக்குப் போய், சோறாகக் குழந்தையின் வாய்க்குள் போய்ப் பல்லில் உட்காரும். பிறகு எழுந்திருக்காது. ஒவ்வொரு ஊர்ப் பாறைக்கும் ஒரு கணக்கு உண்டு. அதைப் பிடித்தால் ஊர் கிடைத்துவிடும்.

பதினொரு நாள் வேலை. ஒரு தடவைக்கு மூன்று தடவை அளந்தாள். மூன்று தடவையும் ஒரே பதில். பல் மலையைச் சேர்ந்தது இல்லை. கீழே, வெகு தூரத்தில், கடலோரத்தைச் சேர்ந்தது.

கட்டத்தில் பென்சிலால் 'வெளியூர்' என்று எழுதி வைரமணியிடம் நீட்டினாள்.

வைரமணி படித்தாள். கையெழுத்துப் போடவில்லை.

"எலும்பு என்ன சொல்லுச்சு?"

"எலும்பு சாப்பாட்டுக்குத்தானுங்களே மேடம். அவங்க ஊரைத்தான் கேட்டிருக்காங்க. அதைப் பல்லு சொல்லிருச்சு."

"எலும்பையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க."

செங்கமலத்துக்கு உள்ளுக்குள் கொஞ்சம் வருத்தம்தான். பரீட்சைத் தாளை மடித்துக் கொடுத்த பிறகு பின்பக்கமும் எழுதச் சொன்ன மாதிரி இருந்தது. ஆனாலும் எலும்பை எடுத்தாள்.

எலும்பு பல்லைப் போல இல்லை. அது பழசைக் கழித்துப் புதுசை வைத்துக்கொண்டே இருக்கும். ஒருத்தர் கடைசிப் பத்து வருஷம் போல என்ன சாப்பிட்டாரோ அதுதான் விலா எலும்பில் இருக்கும். மக்காச்சோளம் தின்றால் ஒரு மாதிரி, உருளைக்கிழங்கு தின்றால் ஒரு மாதிரி. கடல்மீன் தின்றால் அது தனியாகத் தெரிந்துவிடும்.

இன்னொரு எட்டு நாள். எலும்பில் கடல்மீன் வாசனைகூட இல்லை. உருளைக்கிழங்கு, மலையில் விளையும் சிறுதானியம், எப்போதாவது, அங்கே சுமை தூக்கும் லாமா என்ற விலங்கின் கறி. அந்த மலையூரில் இன்றைக்கும் இதைத்தான் சாப்பிடுகிறார்கள் என்று தலைவரின் கடிதத்தின் அடுத்த பக்கத்தில் இருந்தது.

செங்கமலம் இரண்டு தாளையும் கொண்டுபோய் வைத்தாள்.

"மேடம், பல்லு ஒண்ணு சொல்லுது, எலும்பு ஒண்ணு சொல்லுது. இதுல எது பொய்யிங்க?"

"ரெண்டும் பொய் சொல்லலைக்கா."

"அப்ப வாக்கப்பட்டு வந்தவளுங்களா?"

"இருக்கலாம். அந்த ராஜாக்கள் ஊர் ஊரா ஆளுங்களை மாத்திக் குடிவெச்சிருக்காங்க. அப்படியும் வந்திருக்கலாம். வந்த கதை பல்லுலயும் இல்லை, எலும்புலயும் இல்லை."

"கட்டம் ஒண்ணுதானே இருக்குது."

வைரமணி படிவத்தைப் பார்த்தாள்.

"நீங்க சொன்னா எழுதிருவேனுங்க மேடம். உள்ளூருன்னா உள்ளூரு, வெளியூருன்னா வெளியூரு."

"நான் சொல்லி எழுதறதுக்கா இத்தனை நாள் கோட்டு மாட்டிட்டு நின்னீங்க?"

செங்கமலம் படிவத்தை மேஜையிலேயே விட்டுவிட்டு, தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். மியூசியத்துக்குப் பதில் அனுப்ப இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. ஊரில் ஒரு சாவு என்று செய்தி மட்டும் வந்தது. மூன்றாம் நாள் கண்ணெல்லாம் வீங்கி வந்து நின்றாள்.

"யாருக்கா?"

"எங்க பெரிய ஓரகத்திங்க மேடம். ருத்ரம்மா. எங்க ஊட்டுக்காரரோட அண்ணன் சம்சாரம்."

"உட்காருங்க. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்க. ரெண்டு மணிக்கு எடுக்க வேண்டியது அஞ்சாயிருச்சு. ஒரே சண்டை."

"சாவுலயா? என்ன சண்டை?"

"பொறந்த ஊட்டுக் கோடி வரலீங்க." செங்கமலம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவளுக்குப் பொறந்த ஊரு மலைமேல, கர்நாடக எல்லையில இருக்கற தாளவாடி. அண்ணன்தான் புதுச்சேலை கொண்டாந்து போடோணும். அந்தாளு விடியக்காலமே கெளம்பிட்டாரு. திம்பம் மலைப்பாதையில லாரி ஒண்ணு வளைவுல மாட்டிக்கிச்சு. அந்தண்டையும் நகர முடியல, இந்தண்டையும் நகர முடியல. சேலையை மடியில வெச்சுக்கிட்டு பஸ்ஸுலயே உக்காந்திருக்காரு, பாவம்."

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

"பங்காளி ஒருத்தரு சொன்னாரு, 'மழை வர்ற மாதிரி இருக்குது, இங்கயே ஒரு சேலையை வாங்கிப் போட்டு எடுங்கப்பா'ன்னு. பொம்பளைங்க நாங்க உட்டமா? 'உங்களுக்கு அவசரமுன்னா நீங்க முன்னால போயிப் படுத்துக்கங்க'ன்னேன் நானு. சாவு ஊட்டுல எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அவரு துண்டை உதறிட்டுப் போயிட்டாரு."

வைரமணிக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"கடைசியில வந்தாரா?"

"பஸ்ஸை உட்டுட்டு, நடந்து வந்து, கீழ ஒரு வண்டியப் புடிச்சு வந்து சேர்ந்தாரு. கோடியப் போட்டு, தங்கச்சி மூஞ்சியப் பாத்து ஒரு அழுகை அழுதாரு பாருங்க. அதுக்கப்புறந்தான் எடுத்தோம்."

"தாளவாடிக்குத்தானே எடுத்துட்டுப் போனீங்க?"

செங்கமலம் நிமிர்ந்து பார்த்தாள்.

"தாளவாடிக்கா? எதுக்குங்க?"

"பொறந்த ஊர் அதுதானே. கோடியும் அங்கிருந்துதானே வந்துச்சு."

"நல்லாக் கேட்டீங்க போங்க. கோடி அங்கிருந்துதான் வரோணும். மண்ணு எங்க ஊர்லதானுங்களே. வேற எங்க வெப்பாங்க?"

"வெளியூர்க்காரங்களாச்சே அக்கா."

செங்கமலத்தின் குரல் ஏறிவிட்டது.

"யாருங்க வெளியூரு? முப்பத்திரெண்டு வருஷம் எங்க ஊட்டு அடுப்புல வெந்தவ அவ. சாவற வரைக்கும் கன்னடம் கலந்துதான் பேசுனா, அதுக்கென்ன? என் புள்ளைக்கு மொதத் தண்ணி ஊத்துனது அவ கை. எங்க ஊருல அவ வெச்ச களியத் திங்காத ஆளு ஒருத்தரு உண்டா? மண்ணுக்குள்ள போனவளைப் போயி வெளியூருங்கறீங்களே, நீங்க படிச்சவங்…"

பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

மேஜைமேல் மியூசியத்தின் படிவம் இருந்தது. கட்டத்துக்குள் அவளுடைய கையெழுத்திலேயே, பென்சிலில், அந்த வார்த்தை இருந்தது.

வைரமணி ஒரு டம்ளர் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தினாள்.

செங்கமலம் தண்ணீரைக் குடித்தாள். ரப்பரை எடுத்தாள். அந்த வார்த்தையை மெதுவாக அழித்தாள். தூசியை ஊதினாள். கட்டத்தைக் காலியாகவே விட்டுவிட்டு, அதற்குக் கீழே பேனாவால் எழுதினாள்.

'கடலோரத்தில் பிறந்தவள். கடைசி வருஷங்களில் மலையில் விளைந்ததைச் சாப்பிட்டு மலையில் வாழ்ந்தவள். ஒரே கட்டத்தில் இதை எழுத முடியாது.'

எழுதியதைத் திரும்பப் படித்தாள். கையெழுத்துப் போடப் போன பேனா நின்றது.

"மேடம்."

"சொல்லுங்க."

"இப்படி எழுதுனா, மியூசியத்துக்காரங்க மொத வரியை மட்டும் புடிச்சுக்குவாங்களே. கடலோரம்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும். அந்த ஊர்க்காரங்க நாப்பது வருஷமா காத்திருக்காங்க. பெட்டியை மூடிட்டா அவ்வளவுதான்."

"அதனால?"

செங்கமலம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மொத வரியை எடுத்துரட்டுங்களா? எலும்பு சொன்னதை மட்டும் எழுதுவோம். அது பொய்யில்லீங்களே."

வைரமணி படிவத்தைத் தன் பக்கம் திருப்பினாள். எழுதியிருந்ததை முழுக்கப் படித்தாள். பேனாவைத் திறந்து, இரண்டாவது கையெழுத்துக்கான இடத்தில் கையெழுத்தைப் போட்டாள். முதல் கையெழுத்துக்கான இடம் இன்னும் காலியாக இருந்தது.

"அந்தப் பல்லுக்கு இனி என்னதானுங்க வேலை மேடம்?" என்றாள் செங்கமலம். "அவளை அந்த ஊருல இருந்து பிரிக்கறதைத் தவிர?"

வைரமணி படிவத்தையும் ஒரு வெள்ளைத் தாளையும் அவள் முன்னால் வைத்தாள்.

"இதுல கையெழுத்துப் போட்டுட்டு, அந்த ஊர்த்தலைவருக்கு ஒரு கடுதாசி எழுதுங்கக்கா. பல்லு சொன்ன கடலோரத்துப் பக்கம் ஆள் அனுப்பி, சாவு சொல்லச் சொல்லுங்க. பொறந்த ஊட்டுல இருந்து யாராச்சும் கோடி கொண்டாரட்டும்."