கட்டாயமில்லாத கட்டம்

“அந்தக் கட்டுரையோட நம்பரை அழிச்சிடணும் மேடம்” என்றார் சீடர்.

சீடர் என்றதும் தாடியையும் கமண்டலத்தையும் தேட வேண்டாம். கோவர்த்தனன் ஐம்பதைத் தாண்டிய வேதியியல் பேராசிரியர். கல்லூரி நடத்தும் ஆய்விதழை அவர் தலையில் கட்டிவிட்டார்கள். அந்த வேலையைக் கற்றுக்கொள்ள மங்கையர்க்கரசியிடம் வந்து சேர்ந்தார். மங்கையர்க்கரசிக்கும் ஏறக்குறைய அவர் வயதுதான். பல ஆய்விதழ்களுக்கு நிரந்தர எண் பதிந்து கொடுப்பவர். குரு சீடரை ‘சார்’ என்பார். சீடர் குருவை ‘மேடம்’ என்பார்.

நிரந்தர எண் என்றால் பெரிய மந்திரமில்லை. கட்டுரை எந்த இணையதளத்துக்குக் குடி மாறினாலும், அந்த எண்ணைத் தட்டினால் அதன் வாசலில் கொண்டுபோய் விடும். கூடவே எழுதியவர் யார், வெளியான நாள் எது, எதையெல்லாம் ஆதாரம் காட்டியிருக்கிறார் என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும்.

சில கட்டங்கள் கட்டாயம். சிலவற்றை விட்டுவிடலாம்.

விடக்கூடியதை எதற்கு நிரப்ப வேண்டும், யார் பார்க்கப் போகிறார்கள் என்று கோவர்த்தனன் முதல் நாளே கேட்டார். மங்கையர்க்கரசி, காபி சாப்பிடுகிறீர்களா என்றார்.

இப்போது அழிக்கச் சொல்வது கோவர்த்தனனே எழுதிய கட்டுரையை.

“என்ன ஆச்சு சார்?”

“ஒரு பிழை. சின்னதுதான்.”

சொல்லும்போது மேசையைத்தான் பார்த்தார்.

“நம்பரை அழிக்க முடியாது. கொடுத்தா கொடுத்ததுதான். கட்டுரையைத் திரும்பப் பெற்றோம்னு அதே இடத்துல எழுதலாம்.”

சீடர் பதறினார். அப்படி எழுதினால் நாலு பேர் சிரிப்பார்கள், கட்டுரை கண்ணில் படாமல் போனாலே போதும், இல்லாத கட்டுரையை யார் நம்பப் போகிறார்கள் என்றார்.

மங்கையர்க்கரசி கணினியைத் தன் பக்கம் இழுத்தார். சரி, கட்டுரையை எடுத்துவிடுகிறேன், ஆனால் தேடி வருகிறவர்களை வெறும் பக்கத்தில் நிறுத்தக் கூடாது, அங்கே உங்கள் போன் நம்பரைப் போட்டுவிடட்டுமா என்று கேட்டார்.

யார் தேடி வரப் போகிறார்கள்? கோவர்த்தனன் தலையாட்டினார். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார்.

மறுநாள் காலை, பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது போன் வந்தது.

“வணக்கம் சார். ஊத்துப்பள்ளம் ஸ்கூல் ஹெச்எம் சம்பூர்ணம் பேசறனுங்க. எங்க ஊர்த் தண்ணியப் பத்தி எழுதுனது நீங்கதானுங்களா?”

“ஆமாம்மா” என்றார்.

அந்த ஊரில் இரண்டு ஆழ்துளைக் கிணறுகள். கோயிலருகே ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று. அதில் ஒன்றில் ஃப்ளோரைடு அதிகம். அதைக் குடித்து வளர்கிற பிள்ளைகளுக்குப் பல் பழுப்பேறும், நாள்பட்டால் எலும்பும் கெடும். பள்ளிக்கூடத்துத் தண்ணீர்தான் நல்லது என்று கட்டுரை சொன்னது. மறுபடி சோதித்தபோதுதான் பாட்டில்களில் சீட்டு மாறி ஒட்டியிருந்தது அவருக்குத் தெரிந்தது. அந்தச் சின்னப் பிழை இதுதான்.

“உங்க கட்டுரையில அந்தப் பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்து, குழாய்க்கு மேலயே ஒட்டி வச்சிருந்தோம் சார். புள்ளைங்க பயமில்லாம குடிக்கட்டும்னு. மழைச் சாரல்ல நைஞ்சு போச்சு. இன்னொண்ணு எடுக்கலாம்னு நம்பரைத் தட்டுனா உங்க போன் நம்பர்தான் வருதுங்க.”

கோவர்த்தனன் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“குழாயை மூடிடுங்கம்மா” என்றார். “நான் எழுதினது தப்பு. கோயில் போர்த் தண்ணிதான் நல்லது. பாட்டில் மாறிப் போச்சு.”

பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடுவது கேட்டது. தலைமையாசிரியை யாரையோ கூப்பிட்டுக் குழாயை மூடச் சொன்னார். பிறகு திரும்பி வந்தார்.

“உங்களுக்கு இது எப்ப சார் தெரிஞ்சது?”

கோவர்த்தனன் போனை வைத்துவிட்டார்.

பேருந்து வந்தது, போனது. அவர் ஏறவில்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இத்தனை வயதில் அவர் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்நியரின் முகத்தைக்கூட அவரால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

கல்லூரிக்குப் போகாமல் மங்கையர்க்கரசியிடம் போய் நின்றார். நடந்ததையெல்லாம் சொன்னார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

“திரும்பப் பெற்றோம்னு எழுதிடுங்க மேடம். அதே நம்பர்ல. என் பேரைப் போட்டே எழுதுங்க.”

மங்கையர்க்கரசி பக்கத்தைத் திறந்தார். முதலில் போன் நம்பரை எடுத்தார். காரணம் கேட்டார், சீடர் பாட்டில் மாறியதைச் சொல்லச் சொல்லத் தட்டெழுதினார். எந்தக் கிணறு, எந்த அட்டவணை என்று ஒவ்வொரு கட்டமாக நிரம்பியது.

ஒரு கட்டத்தில் அவர் விரல் நின்றது. தவறு தெரியவந்த நாள்.

“இது கட்டாயம் இல்லை சார். நிறையப் பேர் விட்டுடறாங்க. இல்லேன்னா இன்னைக்குத் தேதியே போட்டுடட்டுமா?”

கோவர்த்தனன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். காலையில் வந்த நம்பருக்குப் போட்டார். மணி அடித்தபோது சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சம்பூர்ணம் எடுத்ததும், மங்கையர்க்கரசிக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்.

“போன மாசம் மூணாந்தேதியே தெரியும்மா.”