பந்தல் போட்ட இடம்

செங்குடிக் கண்மாயில் மடை திறந்து மூடுவது சாத்தையாவின் வேலை. மூன்று வருஷமாகத் திறந்துவிடத் தண்ணீர்தான் இல்லை. அந்த ஊருக்குத்தான் பெரிய இன்ஜினீயர் வந்து, பந்தல் போட்டு, ஐம்பது வருஷத்துக்கான நீர்த்திட்டத்தை வாசித்தார். ஊரே கை தட்டியது, சாத்தையாவைத் தவிர.

இன்ஜினீயருக்குச் சுருக்கென்றது. "என்னய்யா, நீ பெரிய மேதாவியோ? இந்தத் திட்டம் ஜெயிக்குமா தோற்குமான்னு இப்பவே சொல்லு. சொல்லத் தெரியலைன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராதே."

சாத்தையா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். "ஐயா, அடுத்த வருஷம் இதே மாசம் இதே இடத்துல பந்தல் போட்டுப் பாருங்க. போட முடியலைன்னா நீங்க ஜெயிச்சிட்டீக."

"ஏன் போட முடியாது?"

"நீங்க நிக்கிறதே கண்மாய்க்குள்ளதான் ஐயா. தண்ணி கிடந்தா உங்க தலைக்கு மேல இன்னும் ஒரு ஆள் ஆழம்."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. இன்ஜினீயர் குனிந்து காலடியைப் பார்த்தார். பாளம் பாளமாக வெடித்த களிமண். அதற்கப்புறம் சாத்தையாவை வேலையை விட்டு நிறுத்தும் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

அடுத்த வருஷம் அதே மாசம் பந்தல்காரர்கள் வந்தார்கள். குழி தோண்டும் சிரமம்கூட இல்லை. போன வருஷத்துக் குழிகளிலேயே மூங்கிலை நட்டார்கள். சிரிக்கத்தான் ஆள் இல்லை; பாதி ஊர் பிழைப்புத் தேடிப் போய்விட்டது.

இன்ஜினீயர் அதே ஐம்பது வருஷத் திட்டத்தை மறுபடி வாசித்து முடித்ததும், சாத்தையா முதல் ஆளாகக் கை தட்டினார்.